ஒரு பூ, இரண்டு துப்பாக்கி

துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கெடு முடிவதற்குள் வாங்கியாக வேண்டும். விட்டால் மறுபடியும் முதலிலிருந்து மனு. ஒரே ஒரு ரைஃபிள், பெரிய குண்டா சின்னக் குண்டா என்பது உங்கள் இஷ்டம் என்று ஆபீஸில் இருந்தவர் சொன்னார். நான் நம்பாமல் பக்கத்து மேசைக்காரரையும் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்திருந்தாலும் எனக்கென்ன தெரியும்.

மனு போட்டது பன்றிக்காக. அன்னூருக்குக் கிழக்கே எங்கள் மக்காச்சோளக் காடு. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கினால் விடியும்போது பாதிக் காடு பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடக்கும். துப்பாக்கி பிடிக்கத் தெரியும் என்று சான்று கொண்டு வா என்றார்கள். அதற்காகக் கோயமுத்தூர் ரைஃபிள் கிளப்புக்குப் போனேன். அங்கேதான் வினை பிடித்தது.

சசிதர் என்று ஒரு பையன் அங்கே சொல்லிக்கொடுப்பவன். என்னை விரிப்பில் குப்புறப் படுக்க வைத்து, சின்னக் குண்டு ரைஃபிள் ஒன்றைத் தோளில் கொடுத்தான். ஐம்பது மீட்டரில் ஒரு காகிதம், நடுவில் கறுப்பு வட்டம். போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழு, ஒரு குண்டைப் போடு, முன்னால் தள்ளி மடக்கு. மூச்சை விடு. விரலை அவசரப்படுத்தாதே. அவ்வளவுதான். ஒவ்வொரு குண்டுக்கும் திரும்பத் திரும்ப இதேதான். அந்த நேரத்தில் கரண்டு பில் இல்லை, பங்காளித் தகராறு இல்லை, போர்வெல் இல்லை. கறுப்பு வட்டம் மட்டும்தான். பொறந்ததிலிருந்து என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ நிறுத்தின மாதிரி இருந்தது.

சான்று கிடைத்த பிறகும் காசு கட்டி இரண்டு ஞாயிறு போனேன். வீட்டில் சொல்லவில்லை. காகிதத்தில் ஓட்டை போடுவது பிடித்திருக்கிறது என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

எனக்கு வேண்டியது அந்தச் சின்னது. அது பன்றிக்கு ஆகாது. பன்றிக்கு ஆகிற பெரியதைக் கிளப்பில் சுட விடமாட்டார்கள். காகிதத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேடு பெரிய குண்டைத் தாங்காதாம். ஒன்றை எடுத்தால் மற்றது போச்சு.

என் சம்சாரம் தெய்வாத்தாளுக்குக் குழப்பமே இல்லை. பெரியதுதான். ஆனாலும் சாமியைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு மாடுகூட வாங்கியதில்லை. குலதெய்வத்தின் கோயிலுக்குப் போனோம். பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் அரளிப் பூவை ஒட்டி வைத்தார். வலப்பக்கம் முதலில் விழுந்தால் சரி என்று அர்த்தம். இடப்பக்கம் என்றால் வேண்டாம்.

"ஆத்தா, பெரிய துப்பாக்கியே வாங்கிப்போடறோம். சரின்னா வலப்பக்கம் குடு" என்று தெய்வாத்தாள் வாய்விட்டுக் கேட்டாள்.

நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சின்னதை வாங்கிக்கொள்ளட்டுமா, சரியென்றால் வலப்பக்கம் கொடு என்று உள்ளுக்குள் கேட்டேன்.

பூ வலப்பக்கம் விழுந்தது. அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன்.

கோயமுத்தூரில் துப்பாக்கிக் கடைக்கு அவளும் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. "உங்கள நம்பி அனுப்புனா கடைக்காரன் உங்க தலைல எதையாச்சும் கட்டியுட்டுருவானுங்க" என்று பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

கடைக்காரர் இஸ்மத். இரண்டு ரைஃபிளையும் கண்ணாடி மேசை மேல் எடுத்து வைத்தார். பெரியதைத் தூக்கித் தோளில் வைத்தேன். கனம் கையை இழுத்தது. போல்ட் முரண்டு பிடித்தது. சின்னதை எடுத்தேன். கன்னம் தானாகத் துப்பாக்கிக் கட்டையில் போய் உட்கார்ந்தது. போல்ட்டை இழுத்துத் தள்ளிப் பார்த்தேன். இன்னொரு தரமும் பார்த்தேன்.

"எதுக்குங்க ஐயா வேணும்?" என்றார் இஸ்மத்.

"பன்னிக்கு" என்று தெய்வாத்தாள் முந்திக்கொண்டாள்.

"பன்னியச் சுடறதுக்கு வனத்துறை ஆளுங்களுக்குத்தானுங்கம்மா உத்தரவு. துப்பாக்கி வெச்சுக்கறதுக்கு லைசென்ஸ் வேறைங்க, சுடறதுக்கு உத்தரவு வேறைங்க."

"அப்ப வானத்தப் பாத்து ஒண்ணு உடட்டும். சத்தத்துக்கே ஓடிருமல்லங்க?"

"மேல போன குண்டு எங்கயாச்சும் கீழ வந்துதானுங்கம்மா ஆகோணும்."

எனக்குச் சந்தேகமாக இருந்தது. விற்க உட்கார்ந்தவன் வேண்டாம் என்று பேசினால் அதில் ஏதோ இருக்கிறது.

"எது விக்காம கெடக்குதுங்க பாய், அதச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "ரெண்டும்தானுங்க."

"பெருசையே கட்டுங்க. ஆத்தா சொல்லிப்போட்டா" என்றாள் தெய்வாத்தாள்.

"ஆத்தா சின்னதத்தான் சொன்னா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவள் திரும்பினாள். "என்னங்க சொன்னீங்க?"

"நீ பெருசக் கேட்டே. நா மனசுக்குள்ள சின்னதக் கேட்டேன். பூ ரெண்டு பேத்துக்கும்தான் உழுந்துச்சு."

"வாயத் தொறந்து கேட்டது நானுங்க!"

"மனசுல கேட்டா சாமிக்குக் காது கேக்காதா?"

"பூசாரிக்கு வேணும்னா ஒரு போன் போட்டுப் பாக்கறீங்களா?" என்றார் இஸ்மத்.

"அவன் இன்னொருக்கா பூசை வெக்கோணும்பான்" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "பன்னி சாகாத துப்பாக்கி உங்களுக்கு எதுக்குங்க?"

இனி மறைக்க வழியில்லை.

"காயிதத்தச் சுடறதுக்கு."

"காயிதத்த?"

"கிளப்புல. படுத்துட்டுச் சுடோணும். அங்க படுத்தா மண்டைக்குள்ள ஒண்ணும் ஓடறதில்ல தெய்வா. அதுக்குத்தான்."

அவள் சிரிப்பாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எம்மண்டைக்குள்ளயும்தானுங்க ஓடுது. நா எங்க போய்ப் படுக்கட்டும்?"

இஸ்மத் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எதையோ வாங்கிட்டு வாங்க. பஸ்ஸு போயிரும்" என்று வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

பெரியதை இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தேன். அவளுக்காகத்தான் பார்த்தேன். கீழே வைத்துவிட்டேன்.

பஸ்ஸில் உறைக்குள் இருந்ததை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கோவில்பாளையம் தாண்டியதும் கேட்டாள்.

"சின்னதுதானுங்களே?"

"ஆமா."

"தெரியும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு விடியும்போது வடக்கு மூலையில் பன்றிகள் இறங்கிப் போயிருந்தன. வேலிக் கம்பியை முட்டித் தள்ளி, கதிரைக் கடித்துத் துப்பி, தட்டையை மிதித்துப் போட்டிருந்தன. தெய்வாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாய்ந்த வேலிக்கல்லை நிமிர்த்த ஆரம்பித்தாள். நான் நின்று பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்து ரைஃபிளை எடுத்து மொபெட்டில் கட்டினேன். காட்டுப் பக்கமாக வண்டியை விட்டபோது அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். இரு என்று சொன்னால் இருந்திருப்பேனா, தெரியவில்லை. அவள் மறுபடியும் கல்லுக்குக் குனிந்துகொண்டாள்.

கிளப்பில் என் சொந்தத் துப்பாக்கியோடு படுத்தேன். போல்ட்டை இழுத்தேன், குண்டைப் போட்டேன், மடக்கினேன். கறுப்பு வட்டத்துக்குள் எங்கள் காட்டு வேலிக் கம்பி சாய்ந்து கிடந்தது. சுட்டேன். வெள்ளையில் போனது. அடுத்ததும் வெள்ளையில்தான். அதற்கடுத்தது காகிதத்திலேயே படவில்லை.

"புதுத் துப்பாக்கிங்கய்யா, பழகோணும்" என்றான் சசிதர்.

துப்பாக்கியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. உறையில் போட்டு, மொபெட்டைத் திருப்பினேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். எதற்குப் போனாய் என்று திட்டினேன். கொஞ்ச தூரம் வந்ததும், எதற்கு எழுந்து வந்தாய் என்றும் திட்டினேன்.

ரைஃபிளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் காட்டுக்குப் போனேன். அவள் இன்னும் வடக்கு மூலையிலேயே இருந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"சுட முடியல."

கம்பியின் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு, மறு நுனியோடு அடுத்த கல்லுக்குப் போனாள். வெயில் ஏறியிருந்தது. கம்பியைக் கல்லில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியிருந்தால் அந்த மூன்றாவது குண்டாவது காகிதத்தில் பட்டிருக்கும். முழங்கையைக் கொஞ்சம் உள்ளே வைத்திருக்க வேண்டும்.

"இழுத்துப் புடிங்க, தொங்குது பாருங்க" என்று கத்தினாள்.

"புடிச்சுட்டுத்தான இருக்கறேன்!"

"கைதான் இங்க இருக்குதுங்க" என்றாள். "ஆளு இல்ல."

கம்பியைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றி இழுத்தேன்.