இடக்கைக்கு ஒரு ரிமோட்

சாய்ந்தமருதில் அஸ்கி விமானம் செய்கிறான் என்ற செய்தி தெருவுக்குத் தெரிந்தபோது, அது முக்கால்வாசி முடிந்திருந்தது. ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையை வெட்டி, ஒட்டி, இரண்டு மாதமாக இடக்கையாலேயே செய்தான். வலக்கை ஆலையில் பழுதாகிவிட்டது. சம்மாந்துறை நெல் ஆலையொன்றில் இயந்திரம் பார்த்தவன். இரண்டு வருடத்துக்கு முன் பெல்ட்டுக்குள் கை அகப்பட்டது. விரல்கள் தப்பின, ஆனால் பெருவிரலும் சுட்டுவிரலும் மடங்கவில்லை. அன்றிலிருந்து வெளியே போனால் அந்தக் கை காற்சட்டைப் பைக்குள்தான். பேச்சும் குறைந்துபோனது.

அதனால் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் சோற்றுக்கு நடுவில், "அப்ரா, ஒரு சின்னப் பிளேன் செஞ்சி பாக்கவா?" என்று அவன் கேட்டபோது, அவன் மனைவி ஏன் எதற்கென்று கேட்கவில்லை. "செய்யுங்களன்" என்றாள்.

இப்போது உடம்பு முடிந்துவிட்டது, இனி மோட்டரும் மற்றச் சாமான்களும் வாங்க வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் இருவரும் கல்முனைக்குப் போனார்கள். சாஜித் என்ற இளைஞன் அங்கே ட்ரோன் திருத்தும் கடை வைத்திருந்தான். வேண்டிய சாமான்களை அஸ்கி ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போயிருந்தான். முதல் வரியிலேயே பெரிய மோட்டர்.

சாஜித் துண்டை வாசித்துவிட்டு, அண்ணன் முறை வைத்து, "நானா, இது முதல் பிளேனா?" என்றான்.

"ஓம்."

"பிளேன்ட உடம்பக் கொண்டந்திரிக்கீங்களா?"

அப்ரா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சாஜித் அதைச் சின்னத் தராசில் வைத்தான். இருநூற்றிருபது கிராம்.

"இதுக்குப் பெரிய மோட்டர் போட்டா, பெரிய பெட்டரி வேணும். பாரம் கூடிரும். பாரம் கூடினா வேகமாப் பறக்கணும், இல்லாட்டி விழும். பழகிற ஆளுக்கு மெதுவாப் பறக்கிறதுதான் நல்லம்."

சிறிய மோட்டர் ஒன்றை எடுத்து வைத்தான். திருப்புவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் தீப்பெட்டியிலும் சிறிய, சேர்வோ என்ற குட்டி மோட்டர் இரண்டு. பிறகு வயர்கள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தட்டையான துண்டு. "இது மோட்டருக்கு வேகம் குடுக்கிற சாமான். மோட்டர் பன்னெண்டு அம்பியர் இழுக்கும், இது இருவது தாங்கும். எப்பவும் கொஞ்சம் கூடப் போடுங்க, சூடாகாது."

அஸ்கி ஒவ்வொன்றையும் இடக்கையில் வாங்கிப் பார்த்தான். முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த முகத்தை அப்ரா கண்டு நாளாகிவிட்டது.

கடைசியாக சாஜித் ரிமோட்டை நீட்டினான். "பிடிச்சிப் பாருங்க நானா. இடது பக்கம் வேகம். வலது பக்கத்துத் தண்டால திருப்புற, ஏத்துற, இறக்குற. முழு வேலையும் வலக்கைக்குத்தான்."

அஸ்கி வாங்கவில்லை. வலக்கை காற்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. "இது போதும், கட்டித் தாங்க" என்றான் அவசரமாக.

அப்ராவுக்கு விளங்கிவிட்டது. இப்படியே கொண்டுபோனால் விமானம் முதல் நாளே விழும். விழுந்தால் அவன் கையைத்தான் நோவான், அதற்குப் பிறகு ஒன்றையும் தொடமாட்டான். ஆனால் அந்நிய மனிதன் முன்னால் அவன் கையைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"தம்பி," என்றாள். "நானும் ஓட்டப் போறன். எனக்கு இடக்கைதான் வாகு. மாத்தி எடுக்க ஏலாதா?"

அஸ்கி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏலும் ராத்தா," என்றான் சாஜித். பின்பக்க மூடியைக் கழற்றி, ஒரு சிறிய ஸ்பிரிங்கை வலப்புறமிருந்து இடப்புறம் மாற்றினான். திரையில் எதையோ அழுத்தினான். "இப்ப திருப்புற, ஏத்துற, இறக்குற எல்லாம் இடக்கை. வலது பக்கம் வேகம் மட்டும்தான். இந்தத் தண்டு திரும்பி வராது, வெச்ச இடத்திலயே நிக்கும். விரலால பிடிக்கவும் தேவல்ல. உள்ளங்கையால தள்ளினாலும் போகும்."

இதை அவன் அப்ராவுக்குச் சொல்வது போலத்தான் சொன்னான். சொல்லிவிட்டு ரிமோட்டை மேசையில் வைத்து, டேப் எடுக்க உள்ளே போனான்.

கொஞ்ச நேரம் கழித்து அஸ்கியின் வலக்கை வெளியே வந்தது. விறைத்த பெருவிரலின் பக்கவாட்டால் தண்டைத் தள்ளிப் பார்த்தான். தண்டு போனது, அங்கேயே நின்றது.

படியிறங்கும்போது கேட்டான்: "புள்ள, உனக்கு எப்ப இருந்து இடக்கை வாகு?"

"இண்டைக்குப் பின்னேரத்தில இருந்து."

அவன் சிரிக்கவில்லை. அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

அடுத்த வெள்ளி, விடியற்காலை சுபஹு தொழுத கையோடு அறுவடை முடிந்த வயலுக்குப் போனார்கள். காற்றில்லை. அப்ரா எறிந்தாள். விமானம் மூக்கை நிமிர்த்தி, ஒரு கணம் தயங்கி, பின்பக்கமாக விழுந்தது. அவள் பயந்துபோய் அஸ்கியைப் பார்த்தாள்.

"வால் பாரம்," என்றான் அவன் சாதாரணமாக. பெட்டரியை இரண்டு விரல் அளவு முன்னுக்குத் தள்ளி ஒட்டினான். "இன்னொருக்கா எறி."

இம்முறை அது போனது. அறுத்த தாளடிக்கு மேலாக நேரே போய், வாய்க்கால் ஓரத்து மருத மரத்தைத் தாண்டுமுன் இடப்பக்கம் கிறுகித் திரும்பியது. வயல் பாதை வழியே வந்த உழவு இயந்திரக்காரர் ஒருவர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். அஸ்கி அவரைக் காணவில்லை. இரண்டு கையும் ரிமோட்டில், கண் வானத்தில்.

ஆறு சுற்றுக்குப் பின் மோட்டர் சத்தம் சட்டென்று அடங்கியது.

"நிண்டிட்டு," என்றாள் அப்ரா.

"பயப்படாத. பெட்டரி இறங்கிட்டு. திருப்புறதுக்கெண்டு அந்த வேகம் குடுக்கிற சாமான் கொஞ்சம் மிச்சம் வெச்சிரிக்கி." அவன் இடக்கை மெல்ல அசைந்தது. விமானம் ஓசையில்லாமல் தாழ்ந்து, வைக்கோலில் உரசி நின்றது.

வீட்டுக்கு வரும்போது ஸ்கூட்டரை அப்ரா ஓட்டினாள். அவன் பின்னால் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு கதைத்தான். அடுத்த விமானத்துக்குச் செட்டை இரண்டையும் நீட்டவேண்டும் என்றான், மூக்குக்கு இன்னொரு அட்டை ஒட்டவேண்டும் என்றான், பிறகு ஆலையைப் பற்றி, அன்று பெல்ட் இழுத்த விதத்தைப் பற்றிக்கூடச் சொன்னான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. காற்றில் பாதி அவள் காதில் விழவில்லை. அவள் ஸ்கூட்டரை மெதுவாக்கினாள்.