வக்கீல் கை

கோர்ட்டு வட்டாரத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். எதிர்த்தரப்பான ஆலையின் வக்கீலுக்கு அமுக்கி. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்து காரியத்தை முடித்துவிடுவார். இவர்கள் இரண்டு பேரையும் சமரச மையத்தில் அடுத்தடுத்த அறைகளில் உட்கார வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

பட்டாசின் கட்சிக்காரன் அந்த ஆலையில் இரும்பை அழுத்தும் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். பக்கத்து மெஷினில் அவன் மச்சினன் வேலை பார்த்தான். வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் காப்புத் தகட்டைக் கழற்றிவிட, மெஷின் இறங்கி மச்சினனின் நான்கு விரல்களை நசுக்கியது. கையை யார் உள்ளே விடச் சொன்னது என்று சூப்பர்வைசர் கேட்டாராம். ஆபரேட்டர் ஸ்பேனரை எடுத்து அவர் தாடையை உடைத்தான். அன்றைக்கே வேலை போயிற்று. இப்போது இரண்டு வீட்டு அடுப்பும் எரிய அவன் ஒருவன்தான். அந்த வேலை திரும்பக் கிடைத்தாக வேண்டும். அவன் இன்னொரு முறை கை நீட்டினால் பேச்சே கிடையாது என்று ஆலை மானேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

சமரசத்தில் ஒரு விதி உண்டு. தனியறையில் ஒருவர் ரகசியமாகச் சொன்னதைச் சமரசர் அடுத்த அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. அதை நம்பிப் பட்டாசு அவரிடம் ஓர் உண்மையைச் சொன்னாள். சூப்பர்வைசர் கீழே விழுந்த பிறகும் ஆபரேட்டர் இன்னொரு அடி அடித்திருந்தான். அது எந்த வாக்குமூலத்திலும் இல்லை.

பத்து நிமிஷத்தில் அமுக்கியிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ‘இரண்டாவது அடி பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஜெராக்ஸ் அறை.’

சமரசரை விலைக்கு வாங்கிவிட்டான், இனி மிரட்டப் போகிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஜெராக்ஸ் அறையில் அமுக்கி தனியாக நின்றிருந்தார். வழக்கமான அந்தச் சிரிப்பு.

“உட்காருங்கம்மா. உங்க ஆளு ஜெயிலுக்குப் போகாம இருக்கணும்னா…”

மேஜைமேல் இருந்த இரும்புப் பஞ்சிங் மெஷினைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவர் ஜெராக்ஸ் மெஷினில் மோதிச் சரிந்தார். அவள் குனிந்து காதோரம் மறுபடி அடித்தாள். கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். பொய். கேட்டுத்தான் அடித்தது.

அமுக்கி திருப்பி அடிக்கவில்லை. ரத்தக் கையால் போனை எடுத்து நீட்டினார். ஆலைக் கேமராவில் பதிந்த காட்சி. சூப்பர்வைசர் தகட்டைக் கழற்றுகிறார். மெஷின் இறங்குகிறது. ஸ்பேனர், ஓர் அடி, இன்னோர் அடி.

“சமரசர் ஒண்ணும் சொல்லலம்மா. இது கோர்ட்டுக்குப் போனா உங்க ஆளும் எங்க ஆளும் சேர்ந்தே உள்ள போவாங்க. அதைக் காட்டித்தான் வேலையத் திருப்பிக் கொடுக்க மானேஜரச் சம்மதிக்க வச்சேன்.”

அதற்கான ஒப்பந்தம் அவர் மடியிலேயே கிடந்தது.

“இதச் சீட்டுலயே எழுதியிருக்கலாமே சார்.”

“எழுதினா ஆதாரமாயிடும்மா. இருபது வருஷமா ரெண்டு வரிக்கு மேல எழுதினதில்ல.”

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவன் ஆபரேட்டர். குனிந்து அமுக்கியின் தோளைப் பிடித்துத் தூக்கினான். அவன் கையெல்லாம் ரத்தமாக நின்ற நேரம் பார்த்து மானேஜரும் சமரசரும் உள்ளே வந்தார்கள்.

மறுபடியுமா என்றார் மானேஜர். பேச்சு முடிந்தது, போலீஸைக் கூப்பிடுங்கள் என்றார்.

“நான்தான் அடிச்சேன்” என்றாள் பட்டாசு.

மானேஜர் சிரித்தார். கட்சிக்காரனைக் காப்பாற்ற வக்கீல்கள் எதைத்தான் சொல்ல மாட்டார்கள் என்றார். எத்தனையோ அரை உண்மைகளை விலைபோக வைத்தவள் அவள். முழு உண்மை போணியாகவில்லை. ஆபரேட்டர் கைகளைத் தன் சட்டையில் துடைக்கக்கூட பயந்து அகட்டிப் பிடித்திருந்தான்.

அமுக்கி சும்மா இருந்தாலே போதும், வழக்கு அவருடையது. அடி வாங்கிய மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்? அவர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார்.

“இந்தம்மாதான் சார் அடிச்சாங்க. அவரு என்னைத் தூக்கிவிட வந்தாரு. உங்க நிபந்தனை ஆபரேட்டர் கைக்குத்தான். வக்கீல் கைக்கு இல்ல.”

மானேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். காகிதத்தில் ரத்தம் தெறித்திருக்கிறதே, ஆபீஸுக்குப் போய்ப் புதிதாக அச்செடுத்து வருகிறேன் என்று சமரசர் கிளம்பினார். அந்த இடைவெளியில் மானேஜர் மனசு மாறிவிட்டால்?

“வேண்டாம்” என்றார்கள் இரண்டு வக்கீல்களும், ஒரே குரலில்.

மானேஜர் கையெழுத்துப் போட்டார். ரத்தக்கறைக்குப் பக்கத்தில் இடம் பார்த்து ஆபரேட்டரும் போட்டான். திங்கட்கிழமை காலை ஷிப்டு.

“என் மேல புகார் கொடுங்க சார். மறுக்க மாட்டேன்” என்றாள் அவள்.

“கண்டிப்பா கொடுப்பேன்” என்றார் அமுக்கி.

அவள் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றிச் சுருட்டி, அவர் மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள்.