கழற்றாத கேபிள்

விசையை மூன்றாம் முறையும் தட்டிப் பார்த்தார் அவள் கணவரின் நண்பர். ஊர் ஊராக ஆட்களோடு பேச உதவும் அந்த ஹாம் ரேடியோவில் விளக்கு எரியவில்லை. கூடத்தில் கணவரின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். அந்தச் சாவுச் செய்தியை மற்ற ரேடியோ நண்பர்களுக்குச் சொல்லத்தான் இந்த அறைக்குள் வந்திருந்தார். பல வருடமாக இந்த ரேடியோவிலிருந்து சுவர் தாண்டி அவள் காதில் விழுந்த குரல் அவருடையது. முகத்தை இன்றுதான் பார்க்கிறாள்.

"அண்ணி, கேபிளக் கழட்டலையா? நேத்து அந்த இடி இடிச்சுதே! எல்லாம் கருகிப் போச்சு. அவரு உசுரையே இதுலதான வச்சிருந்தாரு."

"எனக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாமல் என்ன? மொட்டைமாடி ஆன்டெனாக் கம்பத்தில் மின்னல் விழுந்தால் கேபிள் வழியே இறங்கி ரேடியோவைப் பொசுக்கிவிடும். வானம் கறுத்தால் போதும், அலுவலகத்திலிருந்து கணவரின் போன் வந்துவிடும்: "கழட்டினியா?" கேபிளைத் திருகிக் கழற்றி, சன்னலுக்கு வெளியே வீசி, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். தலைப்பிரசவ வலி எடுத்த அன்றுகூட அதைச் செய்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினாள். ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் மணிக்கணக்கில் குழைந்த மனுஷனுக்கு, கட்டியவளிடம் பேச அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது.

நேற்று ஆஸ்பத்திரி சன்னலில் மின்னியது. அவர் மூச்சுக்கு வைத்திருந்த முகமூடியை விலக்கி, விரலால் கூப்பிட்டார். இந்த வயதிலும் வெட்கமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ள, காதைக் கொண்டுபோனாள்.

"கேபிளக்... கழட்டினியா?"

"கழட்டிட்டேன்."

பச்சைப் பொய். ரேடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தவரை அள்ளிக்கொண்டு ஓடியவளுக்குக் கேபிள் ஒரு கேடா? அவர் முகம் தெளிந்தது. நிம்மதியாகக் கண்ணை மூடினார். அந்த நிம்மதியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

நாத்தனார் வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "எந்தம்பி கடைசியா உங்கிட்ட என்னம்மா சொன்னான்? ஒரு வார்த்தையாவது பேசினானா?"

கூடத்தில் அழுகை நின்றது. உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் மானம் யாருக்குப் போகும்? செத்தவருக்கில்லை.

"சாப்ட்டியான்னு கேட்டாரு."

"இவ மேல எவ்வளவு ஆசை வச்சிருந்தான் பாருங்க!" நாத்தனார் வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். நண்பர் தலைகுனிந்துகொண்டார். "நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடலியே" என்று யாரோ அவசரமாகப் பாலை ஆற்றிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள்.

ஒரே மூச்சில் குடித்தாள். தம்ளரைத் திருப்பி நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"