மூச்சில் நிற்கும் டாங்கி

எங்கள் சோதனைக் கூடத்தில் நின்ற ராக்கெட் எரிபொருள் டாங்கிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தவன் என் தம்பி. எப்போதும் உப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கவனிப்பு கொஞ்சம் குறைந்தாலும் முகம் கோணிவிடும். ஒருமுறை கோணிவிட்டால் யார் காலில் விழுந்தாலும் நிமிராது. பெயர் ஒட்டிக்கொண்டது. கூட்டிப் பெருக்குகிறவர்கூட "மாப்பிள்ளை பக்கம் ஈரமா இருக்கு, பாத்துப் போங்க" என்றுதான் சொல்வார்.

அந்த டாங்கியை வரைந்தவள் நான். சுவரின் கனம் அரை மில்லிமீட்டர். உள்ளே தாங்கிப் பிடிக்க ஒரு சட்டம்கூடக் கிடையாது. எடையைக் குறை, இன்னும் குறை என்று எங்கள் தலைமைப் பொறியாளர் என் உயிரை வாங்கினார். அவரைக் கூடத்தில் எல்லோரும் 'கிராம் சார்' என்பார்கள், அவர் காதுபடவே. குறைத்துக் குறைத்து, கடைசியில் டாங்கியை நிமிர்த்தி வைத்திருந்தது எஃகு அல்ல, உள்ளே அடைத்திருந்த நைட்ரஜன் வாயுவின் அழுத்தம். சைக்கிள் டியூப் மாதிரிதான். காற்று இருக்கும் வரை ஆளைச் சுமக்கும், இறங்கிவிட்டால் வெறும் தோல்.

அன்றைக்கு மாப்பிள்ளையின் தலைமேல் எட்டு டன் இரும்புத் தகடுகளை ஏற்றியிருந்தோம். ராக்கெட்டின் மேல்பகுதியைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனை. டாங்கிக்கு அடியில், அது உட்கார்ந்திருக்கும் இரும்பு வளையத்துக்குள், ஒரு குட்டி அறை உண்டு. தவழ்ந்து போக ஒரே வாசல். அங்கே ஒரு குழாய் இணைப்பில் வாயு கசிந்தது. குழாய் பொருத்துவது தம்பியின் வேலை, அதனால் அவன் உள்ளே போனான். வாசலில் காவல் நிற்க வேண்டியவர் என் கணவர்.

"மாமா, இந்த வாஷர் கிழிஞ்சு போச்சு. புதுசு ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்று உள்ளிருந்து தம்பி குரல் கொடுத்தான். ஸ்டோர் இதோ இருக்கிறது என்று இவரும் நகர்ந்தார். காவல் ஆள் நகரக் கூடாது என்பது விதி. மச்சான் கேட்டால் விதியாவது ஒன்றாவது.

நான் வாயு வால்வுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். காலையில் வீட்டில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். "ராக்கெட்டுக்குக் குழாய் மாட்டுறவன் வீட்ல குழாய் ஒழுகுது. வெக்கமா இல்லையாடா?" அதனால் இப்போது "டேய், முடிஞ்சுதா?" என்று கேட்டதற்குப் பதில் வராதபோது, துரை கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். அழுத்தமானியின் ஊசி இருந்த இடத்திலேயே இருந்தது. வாயு உஸ்ஸென்று கேட்டது, அது எப்போதும் கேட்பதுதான்.

அப்போதுதான் டாங்கியின் பளபளப்பில் தெரிந்த டியூப் லைட்டைப் பார்த்தேன். எப்போதும் கோடு போட்டதுபோல் நேராக விழும் வெளிச்சம், நடுவில் வளைந்திருந்தது.

டாங்கி சுருங்குகிறது. ஊசியோ அசையவில்லை. ஒரு கணம் எனக்கு எதுவும் புரியவில்லை, பிறகு புரிந்தது. குழாயைத் தட்டினால் ஊசி துடிக்கும். துடித்தால் மணி அடிக்கும். அடித்தால் கிராம் சார் ஓடி வந்து ஆளாளுக்கு விசாரணை வைப்பார். அதற்குப் பயந்து குழாய்க்காரர்கள் அழுத்தமானியின் சின்ன வால்வை மூடிவிட்டு வேலை பார்க்கப் பழகியிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது மூடிய குழாய்க்குள் மாட்டிக்கொண்ட பழைய அழுத்தத்தை. நிஜ அழுத்தம் அந்தக் குட்டி அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, இருமல் வராது. ரெண்டு மூச்சு இழுத்தால் போதும், தூங்குவதுபோல் ஆள் சாய்ந்துவிடுவான்.

என் கணவர் வாஷரோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"கேஸ நிறுத்து!" என்று கத்தினார்.

"நிறுத்தினா எட்டு டன்னும் அவன் மேல இறங்கிடும்!"

"நிறுத்தலன்னா அவனுக்கு மூச்சு?"

மூச்சுக் கருவி கூடத்தின் மறுகோடியில் இருந்தது, ஒருவர் அதை எடுக்க ஓடினார். இவர் காத்திருக்கவில்லை. "உள்ள ஒரு வாய் மூச்சுகூட இழுக்காதீங்க" என்றேன். தலையாட்டிவிட்டுக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனார்.

நான் வாயு வால்வை இன்னும் திறந்தேன். ஊசியைப் பார்ப்பதில் பயனில்லை. வெளிச்சக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் திருகினேன். வளைந்தால் கூட்டினேன், நிமிர்ந்தால் குறைத்தேன். கூட்டும்போதெல்லாம் அடியில் உஸ்ஸென்ற சத்தம் பெரிதானது. அது யார் முகத்தின் மேல் பாய்கிறது என்று எனக்குத் தெரியும். என் தம்பியின் தலைமேல் இடிந்து விழாமல் டாங்கியைப் பிடித்துக்கொண்டு, அதே கையால் அவன் மூச்சை நான் அடைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு கையை ஏன் வைத்தாய் என்று யாரைக் கேட்பது?

இவர் வெறுங்கையோடு வெளியே வந்தார். "கால் குழாய்ல சிக்கியிருக்கு!" மறுபடி இழுத்தார் ஒரு மூச்சு, மறுபடி போனார். இந்த முறை முதலில் இவருடைய பூட்ஸ் வெளியே வந்தது. பிறகு அவர் முதுகு. பிறகு என் தம்பி, ஒரு காலில் செருப்பில்லாமல், உதடு நீலம் பாரித்து.

ஆட்கள் அவனைச் சோதனை எல்லையைக் காட்டும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே தூக்கிப் போனார்கள். கணவர் அவன் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். அப்போது கிராம் சார் ஓடி வந்தார்.

"வால்வ விடாதம்மா! கிரேன் வந்துட்டே இருக்கு, எடையத் தூக்கிடலாம். நம்மகிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்!"

ஒன்றுதான். இன்னொன்று செய்ய வருஷக்கணக்கில் ஆகும், அதற்குள் எங்கள் திட்டத்தையே மூடிவிடுவார்கள். எல்லாம் தெரியும். நெஞ்சை அழுத்திக்கொண்டே கணவர் கத்தினார், "இங்க வா! அவனக் கூப்பிடு! உன் குரல் கேட்டா வருவான்!"

வால்வை விட்டேன். கிராம் சார் பாய்ந்து பிடித்தார், ஊசியைப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு!" என்றார். ஊசியை நம்பாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் கன்னத்தில் அறைந்து, "எழுந்திருடா, வீட்டுக் குழாய நானே பாத்துக்கறேன், எழுந்திருடா" என்று கத்தினேன். முதுகுக்குப் பின்னால் தகர டப்பா நசுங்குவதுபோல் ஒரு சத்தம், அதன்பின் கூடமே இடிந்ததுபோல் இன்னொன்று. நான் திரும்பவில்லை. தம்பி இருமினான்.

ஆம்புலன்ஸில் கண் திறந்தான். "அக்கா, மாப்பிள்ளை நிக்கிறாரா?"

"நிக்கிறாருடா."

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். தெரு திரும்புவதற்குள் மறுபடி கேட்டான், அதே குரலில். காதில் விழவில்லை போலும் என்று மறுபடி சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் மறுபடி. கூட வந்த நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

மூளைக்கு ஆக்ஸிஜன் போகவில்லை, அதனால் புதிதாக எதுவும் அவன் மனதில் தங்கவில்லை என்றார் டாக்டர். சரியாகுமா என்றேன். போகப் போகத்தான் தெரியும் என்றார்.

மறுநாள் சாயங்காலம் என்னால் தாங்க முடியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு கசந்தது. அவன் மறுபடி கேட்டபோது, "விழுந்துடுச்சுடா" என்றேன்.

அலறினான். "அந்த மீட்டர் வால்வ நான்தான்க்கா மூடினேன். எப்பவும் மூடுறதுதானேன்னு மூடினேன்." என் தோளில் முகம் புதைத்து, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். மெல்ல அடங்கினான். தலையைத் தூக்கி, தன் கன்னம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, மாப்பிள்ளை நிக்கிறாரா?"

என் தோள் இன்னும் நனைந்தே இருந்தது.

"ஜம்முனு நிக்கிறாருடா" என்றேன்.