தூணுக்கு ஒரு தட்டு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. துணி மடித்துக்கொண்டே அக்கா சொன்னது. பாதியில் நிறுத்தி, "எழுதுறதா இருந்தா எழுதிக்க. ஆனா என்னைப் பாவமாக் காட்டினே, தொலைச்சிருவேன்" என்றாள்.

அக்கா கட்டடக்கலைக் கல்லூரியில் முதலாண்டுக்குப் பாடம் எடுக்கிறாள். நான் முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

மங்கிய வெளிச்சத்தில், வகுப்பறையில் தன்னந்தனியாக அவள்...

(அடித்துவிட்டேன். அந்த வகுப்பில் கால் வைக்கவே இடம் கிடையாதாம். தனிமை எங்கே நிற்கும்?)

2

நடந்தது இது. லயம், சமநிலை, விகிதம் என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் அக்கா எரிச்சலில் ஒரு பாப் பாட்டு வீடியோவைத் திரையில் ஓட்டினாள். சிவப்புக் கோட்டு போட்ட பாடகி, நீண்ட தூண் வரிசைக்கு நடுவே ஆடிக்கொண்டே வருகிறாள்.

"அவளைப் பாக்காதீங்க. அவ நடக்குற இடத்தை வரைங்க."

"மேடம், கதவுகிட்ட வந்ததும் ஏன் எறும்பு மாதிரி ஆயிட்டா?"

"அவ அப்படியேதான் இருக்கா. கதவு எவ்வளவு உயரம்னு பாரு. அதான் விகிதம்."

கொட்டாவி நின்றது. சண்டை தொடங்கியது, வரைபடத்தில் படிக்கட்டு இடப்பக்கமா வலப்பக்கமா என்று.

3

துறைத்தலைவர் வருகிறார்.

(இவரை வில்லனாக்கக் கை துறுதுறுத்தது. முறுக்கு மீசைகூட வைத்தேன். படித்துவிட்டு அக்கா, "அவருக்கு மீசையே கிடையாது. பயந்தாரு, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைங்க கட்டுற கட்டடம் நாளைக்கு விழுந்தா அவரைத்தானே கேப்பாங்க?" என்றாள். மீசையை எடுத்துவிட்டேன்.)

"இது வகுப்பா, கச்சேரியா? நாளைக்கு நான் வந்து உக்காருறேன். ஒண்ணும் தேறலைன்னா பாடத்தை வேற ஆள்கிட்ட குடுத்துருவேன்."

4

மறுநாள் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அக்கா பொத்தானை அழுத்தினாள். படம் ஓடியது, சத்தம் வரவில்லை. ஒலிபெருக்கி உயிரை விட்டிருந்தது.

[இங்கே அக்கா கண் கலங்கியதாக ஒரு பத்தி. கிழித்தாயிற்று.]

"பரவாயில்ல, பாட்டை நீங்களே குடுங்க" என்றாள். "ஒவ்வொரு தூணுக்கும் ஒரு தட்டு."

கைகள் தட்டின. தூண்கள் நெருங்கிய இடத்தில் தட்டும் நெருங்கியது. திடீரென்று எல்லாக் கைகளும் அந்தரத்தில் நின்றன.

கீச்சுக் குரலுக்காகக் 'குருவி' என்று பெயர் வாங்கிய மாணவி கத்தினாள்: "இங்க தூணே இல்ல! வாசல் வருது!"

வந்தது. திரை முழுக்க ஒரு வாசல் திறந்தது.

துறைத்தலைவர் எழுந்துவிட்டார். "நிறுத்துங்கம்மா. திரும்பப் போடுங்க."

இரண்டாம் முறை அவரும் தட்டினார். பிறகு திரைக்கே போய் அந்த இடைவெளியில் விரலை வைத்தார். "இந்த வெத்திடம் இல்லைன்னா வாசலுக்கு மரியாதையே இல்ல. இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வருஷம் ஆகும்மா. ரெண்டாம் வருஷப் பிள்ளைங்களையும் நீங்களே எடுத்துக்குங்க."

வகுப்பு போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாம். இதைச் சொல்லும்போது, மடித்து வைத்த துணியையெல்லாம் அக்கா கூரைக்கு வீசிவிட்டாள்.

5

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் கிளம்பும்போது குருவி கேட்டாளாம்: "சார், அடுத்த வகுப்புக்கு எந்தப் பாட்டு? நீங்களே சொல்லுங்க."

அவர் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு பாட்டைச் சொன்னார். வகுப்பே மேசையில் விழுந்து சிரித்து, பிறகு எழுந்து கைதட்டியது. எந்தப் பாட்டு? அக்கா வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். நானும் எதையெதையோ எழுதிப் பார்த்தேன். எதுவும் அவருக்கு ஒட்டவில்லை. ஆகவே அந்த வரி உங்களுடையது:

சார் சொன்ன பாட்டு ____________.

நிரப்புவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அதைச் சொல்லும்போது அவர் ஒரு கையை இடுப்பில் வைத்து, ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தார்.