நாத்தனாரின் நிறம்

தையல்காரிக்குப் படம் வரைய வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கொள்ளை ஆசை. கல்யாணம், பிள்ளைகள், தையல் மெஷின் என்று அந்த ஆசை பரண் ஏறிவிட்டது. பிள்ளைகள் இருவரும் வேலைக்கு வெளியூர் போய் வீடு வெறிச்சோடிய பிறகுதான், சைக்கிள் கடை மாடியில் ஓவிய வகுப்பு நடப்பது அவள் கண்ணில் பட்டது. தனியாகப் போகக் கூச்சம். நாத்தனாரைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

நாத்தனார் கல்யாணம் வேண்டாமென்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை, மதியத்தோடு முடிந்துவிடும். ஒரு காலத்தில் அண்ணியும் நாத்தனாரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததுண்டு. இப்போது ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி மாத்திரையோடு வந்து நிற்பாள்.

“எனக்குக் கோடு கூட நேரா வராது அண்ணி.”

“நீ ஒண்ணும் வரைய வேண்டாம். சும்மா வந்து உக்காரு.”

வகுப்பில் சும்மா உட்கார விடவில்லை. டீச்சர் சின்னப் பெண், தையல்காரியின் மகள் வயதுதான் இருக்கும். வெள்ளைத் துணி மேல் ஒரு வெள்ளைக் கோப்பையை வைத்துவிட்டு, இருவருக்கும் தாளும் வாட்டர் கலரும் கொடுத்தாள். “வெளிச்சம் விழற இடத்துல எதுவும் பூசாதீங்க. தாளோட வெள்ளைதான் வெளிச்சம். ஒரு பூச்சு காயறதுக்குள்ள அடுத்ததைத் தொடாதீங்க.”

தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்பு விளிம்பாகப் போட்டாள். பிசிறு தெரிந்த இடத்தையெல்லாம் சின்னத் தூரிகையால் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள். நாத்தனாரோ டீச்சரிடம் ஊர்க்கதை பேசியபடி நாலு இழுப்பு இழுத்துவிட்டு, கை வலிக்கிறது என்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். டீச்சர் அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். கோப்பை, ஜன்னல் வெளிச்சத்தில் அப்போதுதான் கழுவி வைத்தது போல இருந்தது.

“இதுக்கு முன்னாடி வரைஞ்சிருக்கீங்களா?”

“பென்சிலைக் கூடத் தொட்டதில்ல. நான் அண்ணிக்குத் துணைக்கு வந்தவ.”

தையல்காரியின் கோப்பையில் ஒரு குறையும் இல்லை. உயிரும் இல்லை. அது அவளுக்கே தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அதே கதைதான். தண்ணீர்க் குழாய், குடை, மழைக்குப் பிந்தைய தெரு என்று நாத்தனாருக்கு எல்லாம் போகிற போக்கில் வந்தது. தையல்காரி வீட்டிலும் உட்கார்ந்து பழகினாள். தைக்க வந்த துணிகள் மூலையில் குவிந்தன. பூச்சின் மேல் பூச்சாகப் போட்டதில் தாள் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, நிறமெல்லாம் சேறாகிப்போனது. அவள் கணவர் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, “எருமையா? நல்லா வந்திருக்கு,” என்றார். அவள் வரைந்தது பூச்செடி.

அன்று பார்த்து நாத்தனார் பக்கத்தில் வந்து, “இந்த இடத்தை இப்படியே விட்டிருக்கலாமே அண்ணி,” என்றாள்.

“உனக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு அப்படியில்ல. வாய வச்சிக்கிட்டு சும்மா இரு.”

சொன்ன பிறகு தையல்காரிக்கே சுருக்கென்றது. ஆனால் திரும்பப் பெற வாய் வரவில்லை. நாத்தனார் துவைத்த துணிகளை மடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம், “எனக்கு மதியமும் டூட்டி போட்டுட்டாங்க அண்ணி, நீங்க போயிட்டு வாங்க,” என்றாள். தையல்காரிக்கு முதல் நாள் அப்பாடா என்றிருந்தது. மறுவாரம் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது கண்ணை உறுத்தியது. அதற்கடுத்த வாரம் வகுப்புக்குப் போகிற வழியில் பஸ் நிலையத்தைக் கடந்தபோது பார்த்தாள். கவுண்டர் மூடியிருந்தது. நாத்தனார் கடைசி பெஞ்சில் தன்னந்தனியாக, மடியில் பையை வைத்துக்கொண்டு புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிகிற நேரம் வரை அங்கேயே பொழுதை ஓட்டுகிறாள் என்பது தையல்காரிக்குப் புரிந்துவிட்டது.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“டூட்டின்னு சொன்னே?”

“டூட்டிதான். புறா எண்ணற டூட்டி.”

தையல்காரி சிரித்துவிட்டாள். “எனக்காகவா வகுப்புக்கு வராம நின்னே?”

“எனக்கு வரையலைன்னாலும் சோறு இறங்கும் அண்ணி. உங்களுக்கு இறங்க மாட்டேங்குது. நான் எதுக்கு நடுவுல?”

“உன் மேல எனக்குப் பொறாமைதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். நீ வராம அங்க எனக்குக் கையே ஓடல.” எழுந்து நாத்தனாரின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “வா. நேரமாச்சு.”

அன்று டீச்சர் தையல்காரியின் பிய்ந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். திட்டப்போகிறாள் என்று இவள் நினைத்தாள். டீச்சர் அலமாரியைத் திறந்து ஆயில் பெயின்ட் குழாய்களையும் ஒரு கேன்வாஸையும் எடுத்து வைத்தாள்.

“உங்களுக்கு ஒரு தடவையில விட மனசு வராது. அது தப்பில்லம்மா. இதுல எத்தனை தடவை வேணாலும் மேல போடலாம். கீழ இருக்கிற நிறம் வீணாப் போகாது, உள்ளேர்ந்து தெரியும். நான்தான் முன்னாடியே பாத்திருக்கணும்.”

முதலில் நாத்தனாரை வரைவது என்று முடிவாயிற்று. வேறு யார் கிடைப்பார்கள்? முகத்துக்கு அடியில் பச்சை பூசச் சொன்னாள் டீச்சர். நாத்தனார் எட்டிப் பார்த்து, “எனக்கு என்ன, பச்சைக்காமாலையா அண்ணி?” என்று கேட்டாள். அது காய்ந்ததும் மேலே மங்கலான பழுப்பு, அதற்கும் மேலே மெல்லிய சிவப்பு. பச்சை மறையாமல் கண்ணுக்குக் கீழே நிழலாக நின்றது. தையல்காரி வாரா வாரம் சரிசெய்தாள், சுரண்டினாள், மறுபடி போட்டாள். எவ்வளவு போட்டாலும் கேன்வாஸ் தாங்கியது. நாத்தனார்தான் தாங்கவில்லை. மூக்கு அரிக்கும், கழுத்து வலிக்கும், பஸ் பயணிகளின் சண்டைகளை நடித்துக் காட்டத் தோன்றும். பேசி ஓய்ந்து அவள் ஜன்னல் பக்கம் திரும்புகிற நேரத்துக்காகத் தையல்காரி காத்திருப்பாள். அப்போது அந்த முகத்தில் வருகிற களைப்பை, இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் பார்த்ததே இல்லை.

படம் முடிந்து காய்ந்து வீட்டுக்கு வந்தது. நாத்தனார் வெகு நேரம் அதன் முன்னால் நின்றாள்.

“நான் இப்படியா இருக்கேன்?”

“நீ பேசாம இருக்கும்போது.”

நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த சிவப்பைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். “என் கோப்பையை விட இது நல்லா இருக்கு,” என்றாள். உபசாரமாகச் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

மாலையில் கணவர் வந்தார். எதையும் கிண்டல் செய்யவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

“இவளுக்கு நரை எப்ப வந்துச்சு?”

“அது வந்து வருஷக்கணக்கா ஆச்சு அண்ணா,” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

அவர் தங்கையைப் பார்க்கவென்றே எழுந்து உள்ளே போனார். அங்கே இருவரும் தணிந்த குரலில் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். தையல்காரி காது கொடுக்கவில்லை. புதுக் கேன்வாஸைச் சுவரோரம் சாய்த்து வைத்து, அவர் திரும்பி வந்தால் உட்காருவதற்கு, வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.