இடது மணிக்கட்டில் ஒரு மச்சம்

ஒரு சாயங்காலம் கடையில் யாருக்கோ பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டி முடித்துக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். பக்கத்திலிருந்து ஓர் இடது கை நீண்டு அதை எடுக்கப் பார்த்தது. மணிக்கட்டின் உட்புறம் எள்ளளவு கறுப்பு மச்சம். "ஃபிரடி, இன்னாத்துக்கு இப்ப அது உனுக்கு?" என்று அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தேன். நிமிர்ந்தால் யாரோ ஒரு கம்பெனிப் பையன் கையை உதறிக்கொண்டு நிற்கிறான். என் அண்ணன் ஃபிரடி அந்தக் கோடியில் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு அதை அப்போதே மறந்தும் போனேன்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பை ஒட்டி எங்கள் பிரவுசிங் சென்டர். அந்த இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் தெற்கத்திப் பையன்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு காண்டிராக்டரின் வெப்சைட்டில் பதிந்தால்தான் அவர்களுக்கு கேட் பாஸ். அந்த வெப்சைட்டைச் செய்தவன் நல்லா இருக்க மாட்டான். பக்கம் பக்கமாகக் கட்டங்கள். பாதியில் கரண்ட் போனால் அவ்வளவும் அழிந்துவிடும், முதலிலிருந்து வா. கரண்ட்டோ வருவதும் போவதுமாக இருந்த காலம். அண்ணனுக்குப் பொறுமை கிடையாது, மூளை உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் ஏதோ ஒன்றை இறக்கி, அதற்குள் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தான். பிரவுசர் ஜன்னலின் மூலையில் அதன் அடையாளமாக ஒரு குரங்கு மூஞ்சி வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்ததுமே நாடு, மாநிலம், மொழி என்று எல்லோருக்கும் பொதுவான கட்டங்கள் கடகடவென்று தாமாக நிரம்பிவிடும். பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி மட்டும் நாங்கள் அடிப்போம். கடையில் கூட்டம் சேர்ந்தால் "குரங்கைக் கூப்பிடு" என்பேன்.

அதில் 'அங்க அடையாளம்' என்று ஒரு கட்டம். வெறுமையாக விட்டால் பக்கம் நகராது. கேட்டால் பையன்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். தன் உடம்பில் மச்சம் எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரிகிறது? அண்ணன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். 'இடது மணிக்கட்டில் கறுப்பு மச்சம்' என்று அதையும் ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டான். "இத யாரு பாக்கப் போறா, பெனி" என்றான். நானும் சிரித்தேன்.

கனகலட்சுமி வந்த அன்று மத்தியானமே மழை இருட்டிக்கொண்டு வந்தது. சாரல் அடிக்கிறதென்று ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். ஷிப்ட் முடிந்து வந்த பையன்கள் உள்ளே ஒதுங்கி நின்றிருந்தார்கள். குனிந்து உள்ளே வந்தவளுக்கு இருபது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள்ளிருந்து எங்கள் கடை முத்திரை போட்ட ரசீதை எடுத்து நீட்டினாள். தளவாய் என்று பெயர் இருந்தது.

"எங்க அண்ணன்க்கா. திருநெல்வேலிப் பக்கம். தீவாளிக்கு அப்புறம் போனே எடுக்க மாட்டேங்கான்" என்றாள். அடுத்துச் சொன்னதை அவள் யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். வடக்குப்பட்டுப் பக்கம் ஏரியில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது. முகம் இல்லை, மீன் தின்றுவிட்டது. போலீஸ்காரர் போனில் கையை மட்டும் படமாகக் காட்டியிருக்கிறார். மணிக்கட்டில் மச்சம். காண்டிராக்டரின் ரெக்கார்டில் தளவாய்க்கும் அதே அடையாளம்தான். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காலையில் கையெழுத்துப் போட்டால் உடலைக் கொடுத்துவிடுவார்களாம்.

"அவன் பஸ் ஏறும்போ அந்தக் கையில நாந்தாங்க்கா வாட்ச் கெட்டி விட்டேன். மச்சம் பாத்த ஞாவமே இல்ல. ரெக்கார்டுல இருக்குங்காவ. கூடப் பொறந்தவன் கைகூடவா எனக்குத் தெரியாமப் போச்சு?"

அண்ணன் தளவாயின் பக்கத்தைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து வந்து அவள் முன்னால் தன் இடது கையைத் திருப்பிக் காட்டினான்.

"இது உங்க அண்ணன் மச்சம் இல்லம்மா. என்னோடது. எல்லாருக்கும் இதையே போட்டுட்டேன். தப்புதான்."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அழுதாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ அண்ணனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்ப அது வேற யாரோ. பிரிண்டு வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். டீ வாங்கிக் கொடுத்தேன். ஊரிலிருந்து கிளம்பியதற்கப்புறம் அதுதான் அவள் வாயில் பட்ட முதல் ஆகாரம் என்று குடித்த வேகத்தில் தெரிந்தது.

அவள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கரண்ட் போனது. யூபிஎஸ் கூவத் தொடங்கியது. மானிட்டர் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. "அண்ணா" என்றான் சக்திகுமார். வடக்குப்பட்டுப் பையன், தினமும் வருகிறவன். அவன் கையை நீட்டினான். மணிக்கட்டின் உட்புறம் எள்ளளவு கறுப்பாக ஒரு புள்ளி.

"கேட் பாஸ் பின்னாடி மச்சம்னு போட்டுக்கீதுண்ணா. கைல இல்லன்னு செக்யூரிட்டி உள்ள வுட மாட்டேன்ட்டான். நாங்க சந்தைல பச்ச குத்தற அம்மாகிட்ட போய் ஒரு புள்ளி வெச்சிக்கினு வந்தோம்."

"இங்க வந்து சொல்றதுக்கு இன்னாடா? திருத்திக் குடுத்திருப்போம் இல்ல?" என்றேன்.

"பேப்பர திருத்தணும்னா காண்டிராக்டர் ஆபீஸ்ல போய் நிக்கணும்க்கா. லீவு போட்டா வேற ஆள எடுத்துருவான். கைய திருத்தறது ஈஸி."

கனகலட்சுமி எழுந்து நின்றாள். "எங்க அண்ணனும் குத்துனானா?"

"தெர்லம்மா. கம்பெனில எல்லா லைன்லேந்தும் போனாங்க. யார் யாருன்னு இன்னா கண்டோம்."

அவள் கவருக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்து என்னிடம் கொடுத்தாள். மீசை அரும்பிய முகம், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. அன்று கத்தரிக்கோலுக்காக நான் அடித்த பையனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். எவ்வளவு முயன்றும் முகம் வரவில்லை. அந்தக் கைதான் வந்தது. அந்தக் கையில் வாட்ச் இருந்ததா என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் சக்திகுமாரின் கையைப் பிடித்துப் பார்த்தாள். அடுத்து நின்றவனின் கையை வாங்கினாள். அவனுக்கும் இருந்தது. அதற்கடுத்தவனுக்கும் இருந்தது. கடைசியாக அண்ணனிடம் வந்தாள். அவன் மணிக்கட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, மச்சத்தின் மேல் வைத்துத் தேய்த்தாள்.

"இதுவாச்சும் நெசமா அண்ணாச்சி?"

அண்ணன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவன் பின்னால் இருந்த கம்ப்யூட்டரில் தளவாயின் பக்கம் அப்படியே திறந்திருந்தது. சுவரோரம் நின்ற பையன்கள் ஒருவர் பின் ஒருவராக இடது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்கள்.